பொய் மணி

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் மின்விசிறியை நிறுத்தினார். மே மாத மும்பை. தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில், ஓர் எம்பிராய்டரி பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. பதினான்கு பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அவர் நடந்துகொண்டே போனார், சுவிட்சைத் தட்டினார், நடந்துகொண்டே திரும்பி வந்தார். கை தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்து நான் எழுந்து மறுபடி போடப் போனேன்.

"தொடாதீங்கோ" என்றார்.

"வேர்த்து ஊத்துதே மிஸ். புள்ளைய எப்படி எழுதும்?"

"அன்னிக்கும் ஃபேன் ஓடாம இருக்கலாம். இன்னிக்கே பழகட்டும்."

அன்னிக்கு என்றால் எந்த நாள் என்று அந்த அறையில் யாரும் கேட்க வேண்டியதில்லை. பன்வேலுக்கு அப்பால் ஓர் உறைவிடப் பள்ளி இருந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே தங்கிப் படிக்கலாம். சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்கு ஐந்தாம் வகுப்பில் ஒரு நுழைவுத் தேர்வு. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். கணக்கு, படப் புதிர், மொழி மூன்றும் ஒரே தாளில், ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம். விடைத்தாளில் சரியான விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். அந்தப் பதினான்கு பேரில் பதினோராவது ஆள் என் மகள் செல்வி.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பிள்ளைகளுக்கு மிஸ். மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு வைப்பதால் அம்மாக்களுக்கு 'மாக் டீச்சர்'. வயது நாற்பத்தைந்து இருக்கும். மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றில் தனியாக இருந்தார். ஏதோ ஓர் ஆபீசில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியதாகச் சொன்னார்கள். காட்டன் புடவையைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே தூக்கிக் கட்டியிருப்பார். அழகுக்கு அல்ல, நடப்பதற்கு. அவர் எங்கும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாயாவை நின்றுகொண்டே குடிப்பார். விடைத்தாளைச் சுவரில் வைத்துத் திருத்துவார். லோக்கல் ரயிலில் சீட் காலியாக இருந்தாலும் கதவோரம் நின்று, அங்கேயும் ரெண்டடி இப்படி ரெண்டடி அப்படி. பத்து நிமிடம் அவருடன் பேசினால் நமக்குக் கால் வலிக்கும்.

ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமும் இல்லை. நான் திருநெல்வேலியில் கணக்கு படித்துப் பட்டம் வாங்கி, கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். அதனால் நான் 'மேத்ஸ்'. பிள்ளைகள் எல்லாம் நம்பர். "பதினொண்ணு, நிமிந்து உக்காரு" என்பார் என் மகளைப் பார்த்து. தேர்வு எழுதும் இடத்தில் உன் பெயரை யார் கேட்கப் போகிறார்கள், நம்பரைத்தானே பார்ப்பார்கள் என்பது அவர் நியாயம். ஒருநாள் செல்வி வீட்டில் தூக்கத்தில் "பிரசன்ட் மிஸ்" என்றாள். என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை. வீட்டுக்காரர் தோல் பை தைப்பவர்; பகல் முழுவதும் வெட்டும் பலகையும் பசை டப்பாவும் அறையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். செல்வி வெளியே இரும்பு ஏணியின் மூன்றாவது படியில் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படிப்பாள். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவளைத் தாண்டித்தான் போவார்கள். அந்த உறைவிடப் பள்ளியின் படம் ஒன்றை போனில் பார்த்திருந்தேன். வரிசையாகக் கட்டில், ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு மேசை. கலெக்டர் ஆக வேண்டும், டாக்டர் ஆக வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. என் மகளுக்கு அந்த மேசை கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் என் வெறி. நான் கணக்கு சொல்லிக்கொடுப்பது, செல்வி அங்கே படிப்பது என்ற பேச்சில்தான் அவரிடம் சேர்ந்தேன்.

மாதிரித் தேர்வு நடத்துகிறவர்கள் மும்பையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கேள்வித்தாள் கொடுப்பார்கள், நேரம் பார்ப்பார்கள், மதிப்பெண் போடுவார்கள். இவர் கேள்வியைப் பற்றிக் கவலைப்பட்டதே குறைவு. "கேள்விக்குப் பதில் எல்லாக் குழந்தைக்கும் தெரியும், மேத்ஸ். அன்னிக்கு என்ன ஆகும்னுதான் தெரியாது" என்பார். என்னென்ன ஆகலாம் என்று யோசிப்பதே அவருக்கு வேலை. நடந்து நடந்து யோசித்தவை எல்லாம் பிள்ளைகள் தலையில் இறங்கும்.

படப் புதிர்த் தாளில் ஒரு பக்கத்தை உருவிவிட்டுக் கொடுப்பார். மொழித் தாளில் உரைநடைப் பத்தியின் கடைசி வரி ஜெராக்சில் விழாமல் இருக்கும். கணக்கு நடக்கும்போது கீழே பட்டறைக்காரரிடம் சொல்லி ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்வார். "காலிபீலி, சும்மா எதுக்கு மேடம் இந்தச் சத்தம்?" என்று அந்த மனிதரே வந்து கேட்டார். எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் தோளைத் தட்டி, "இது உன் எடம் இல்லை, அங்க போ" என்று கடைசி வரிசைக்கு அனுப்புவார். ஒருத்தன் பென்சிலை வாங்கி முனையை உடைத்துத் திருப்பிக் கொடுப்பார்.

நாலாம் நம்பர் பையன் ஒருநாள் அழுதுவிட்டான். அவன் தாளில்தான் அன்று பக்கம் இல்லை. நான் ஓடப் போனேன். கையை நீட்டித் தடுத்தார். அவன் முன்னால் போய் நின்று, வாட்சைப் பார்த்தபடி, "அழு. ரெண்டு நிமிஷம் தரேன். முடிஞ்சதும் கையைத் தூக்கி, பக்கம் இல்லைன்னு சொல்லு" என்றார். அவனும் விசும்பி விசும்பி அழுது முடித்து, மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கையைத் தூக்கினான். "குட்" என்று உருவிய பக்கத்தைக் கொடுத்தார். எனக்கு அன்று அவர்மேல் வந்தது கோபமா மரியாதையா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோள்பையில் எப்போதும் ஒரு சின்னப் பித்தளை மணி வைத்திருப்பார். பூஜை மணி, பிடியில் குங்குமம்கூட ஒட்டியிருக்கும். "வீட்ல சாமிக்கு என்ன மிஸ் அடிப்பீய?" என்று நான் கேலி செய்தால், "சாமிக்கு எந்த எக்ஸாமும் இல்லை" என்பார். தேர்வு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, வேண்டுமென்றே, அந்த மணியை அடிப்பார். முதல் தடவை பதினான்கு பேரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"யார் வெக்கச் சொன்னா? மணி அடிச்சா வெச்சுடறதா? கையில வாட்ச் எதுக்குக் கட்டியிருக்கு? நேரம் இருக்கான்னு பாரு! இருந்தா எழுது! யார் அடிச்சாலும் எழுது!"

ரேடியோவுக்கோ வேர்வைக்கோ அவர் குரல் இப்படி உயர்ந்ததில்லை. மணிக்கு மட்டும் உயர்ந்தது. பிள்ளைகளுக்கு உடனே நேரம் தெரிய வேண்டும் என்று, சயான் ஸ்டேஷன் நடைபாதையில் எண்கள் ஓடும் ரப்பர் வாட்ச் பதினான்கு அவரே வாங்கிக் கொடுத்திருந்தார். தினமும் மணி, தினமும் வாட்ச். இரண்டு மாதத்தில் மணிச் சத்தம் கேட்டால் ஒரு பிள்ளையும் தலை நிமிர்த்தாது. கையைத் திருப்பிப் பார்க்கும், எழுதும். உண்மையாகவே நேரம் முடியும்போது அவர் மணி அடிக்க மாட்டார். ஒன்றும் சொல்லாமல் தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போவார். அந்த அறையில் மணி என்றால் இன்னும் பத்து நிமிடம் என்று அர்த்தமாகிவிட்டது. இது அவருக்கும் உறைக்கவில்லை. கணக்குப் படித்த எனக்கும் உறைக்கவில்லை.

ஏன் இப்படி என்று ஆளாளுக்குக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாலாம் நம்பரின் அம்மாவிடம், மழை வெள்ளத்தில் ரயில் நின்று தன் தம்பி பாங்க் பரீட்சையைத் தவறவிட்டான் என்றாராம். பட்டறைக்காரரிடம், பேப்பரில் ஏதோ படித்தேன் என்றாராம். நான் கேட்டபோது, "எனக்கு வேற வேலை இல்லை மேத்ஸ்" என்று சொல்லிவிட்டு அறையின் மறுகோடிக்கு நடந்துவிட்டார். தம்பி ஒருவர் இருந்ததாக நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை.

தேர்வு மையம் வாஷியில் என்று ஹால் டிக்கெட் வந்தது. தேர்வோ ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவிடுவார்கள். எந்த லைனை எந்த நேரத்தில் அடைப்பான் என்று சொல்ல முடியாது. விடுவாரா? ரெண்டு வாரம் முன்னால், வாஷிக்குப் போகும் ஹார்பர் லைன் அடைபட்ட ஞாயிறாகப் பார்த்து, பதினான்கு பிள்ளைகளையும் அம்மாக்களையும் சயானில் ரயிலேற்றினார். தாணே போய், அங்கிருந்து வேறு ரயிலில் சுற்றிக்கொண்டு வாஷி. கூட்டத்தில் கசங்கி, பாதிப் பேர் வாந்தி எடுக்காத குறையாக இறங்கினோம். பூட்டியிருந்த பள்ளியின் கேட்டைக் காட்டி, "இதான். பாத்துக்கோ. சலோ, திரும்பலாம்" என்றார்.

"பூட்டுன கேட்டப் பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தீய?" என்று நாலாம் நம்பரின் அம்மா கத்தினாள். "இந்தப் பொம்பளைக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு."

அவர் காதில் அது விழுந்தது. "பிடிச்சிருக்கட்டும்" என்றார்.

தேர்வு நாளன்று எல்லா லைனும் ஓடியது. ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது, உட்கார இடம் கிடைத்தது, இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றோம். ஒன்றும் தப்பாக நடக்காதது அவருக்குப் பிடிக்கவே இல்லை. கேட்டுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

கேட் திறந்தது. வாட்ச்மேன் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துப் பார்த்து, ரப்பர் வாட்சைக் கழற்றி ஒரு தட்டில் போட ஆரம்பித்தான். மின்னணுச் சாதனம் எதுவும் கூடாது என்று ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அவர் அதை நூறு தடவை படித்தவர்தான். போன், கால்குலேட்டர் என்று நினைத்தாரே தவிர, எண்கள் ஓடும் வாட்சும் அதில் சேரும் என்று நினைக்கவில்லை. முள் வாட்ச் கட்டி வந்த மற்றப் பிள்ளைகள் கட்டியபடியே உள்ளே போனார்கள். எங்கள் பதினான்கு பேரும் வெறுங்கையோடு போனார்கள். அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பதினொண்ணு! சுவர்ல கடிகாரம் இருக்கும், பாரு!" என்று கத்தினார். செல்வி திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்த செல்வி சிரித்துக்கொண்டு வந்தாள். "ஈசியா இருந்துச்சும்மா. ஆனா அந்த சார் நம்ம மிஸ்ஸ மாதிரியேம்மா, பொய் மணி அடிச்சாரு" என்றாள்.

அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "பொறவு?"

"நான் பென்சில வைக்கல. சுவர்ல கிளாக் ஓடல. அதனால மணிய வச்சு, இன்னும் பத்து நிமிசம் இருக்குன்னு நெனச்சு, ஒருக்கா எல்லாத்தையும் செக் பண்ணேன். லாங்வேஜ் வட்டத்த எல்லாம் கடைசியா கறுப்பாக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சார் விடைத்தாளப் புடுங்கிட்டாரு." அதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் மாறியது. "அம்மா, அது நெசமான மணியா?"

மொழிப் பகுதி இருபது கேள்வி. கையோடு கொண்டுவந்த கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் சரியாகக் குறித்திருந்தாள். விடைத்தாளில் ஒரு வட்டம்கூடக் கறுப்பாகவில்லை. எங்கள் மற்றப் பதிமூன்று பேரும் எப்போதோ வட்டங்களை முடித்திருந்தார்கள். மாட்டியவள் இவள் ஒருத்திதான். இருபது கேள்வி போனால் அந்த மேசையும் போயிற்று என்பது எனக்குத் தெரியும். ரிசல்ட் வரவே தேவையில்லை.

வாஷி பிளாட்பாரத்தில் அத்தனை பேர் முன்னால் அவரைப் பிடித்துக் கத்தினேன். "உங்க பொய் மணியாலதான் மிஸ்! எம்புள்ள வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டீயளே! ஒங்களுக்கு வெளாட்டு, எங்களுக்கு இது ஒண்ணுதான இருந்துச்சு!" ரயில் வந்தது. அவர் ஏறவில்லை. நகரும் ரயிலிலிருந்து பார்த்தபோது பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு நடந்துகொண்டிருந்தார். நான் அத்தோடு வேலைக்குப் போவதை நிறுத்தினேன்.

இப்போது செல்வி பதினொன்றாம் வகுப்பு. ஏணிப் படியில் படித்தே நன்றாகத்தான் வந்திருக்கிறாள். அவர் அந்த வருடத்தோடு வகுப்பை மூடிவிட்டு தாணே பக்கம் போனதாகக் கேள்வி. தேடலாம் என்று நினைப்பேன், தேடியதில்லை. ஆனால் போவதற்கு முன் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

தேர்வு முடிந்து ஐந்தாம் நாள். சாயங்காலம் நாலு மணி. வீட்டுக்காரர் பைகளைக் கொடுக்கப் போயிருந்தார். வாசலில் அவர் நின்றார். எங்கள் யார் வீட்டுக்கும் அவர் வந்ததே கிடையாது.

"என்ன மிஸ், இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு வந்தீய?" என்றேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற செல்வியைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு கேள்வித்தாளையும் மணியையும் எடுத்து நீட்டினார். "பதினொண்ணு, நீ எனக்கு டெஸ்ட் வை. லாங்வேஜ் மட்டும். அரை மணி. அங்க எப்படி நடந்ததோ அப்படியே வை. நான் எங்க தப்புப் பண்ணினேன்னு எனக்குப் பாக்கணும்."

விரட்டிவிடத்தான் நினைத்தேன். செல்வி அதற்குள் மணியை வாங்கிவிட்டாள். பசை டப்பாவை ஓரமாகத் தள்ளி, வெட்டும் பலகைக்கு முன்னால் பாய் விரித்தாள். "உங்க நம்பர் பதினஞ்சு. உக்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். அவர் முழங்காலை மடிப்பதையே அன்றுதான் பார்த்தேன், சிரமப்பட்டுத்தான் மடித்தார். "வாட்ச்ச கழட்டுங்க." கழற்றிக் கொடுத்தார். செல்வி சுவர்க் கடிகாரத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அவருடைய வாட்சைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவர் நடப்பதுபோலவே குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்தாள். எங்கள் அறையில் நாலடிதான் நடக்க முடியும். நாலடி போவாள், திரும்புவாள்.

அவர் எழுதினார். தோள் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்புக் கேள்விக்குத் திணறித் திணறி எழுதினார். பாதித் தாள்கூட முடிந்திருக்காது. செல்வி வாட்சைப் பார்த்தாள், மணியை அடித்தாள்.

அவர் கையிலிருந்து பென்சில் அந்த நொடியே கீழே போனது. இரண்டு கையும் தாளை விட்டு மடிக்கு வந்துவிட்டன. தலை குனிந்துவிட்டது. யாரோ அதட்டிவிட்ட சின்னப் பெண்ணாக உட்கார்ந்திருந்தார். யோசித்துச் செய்ததல்ல. யோசிக்க நேரமே இருக்கவில்லை. எந்த ஊரில், எந்தப் பரீட்சையில், முந்தி அடித்த எந்த மணியைக் கேட்டு அவர் இப்படிப் பென்சிலை வைத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. தம்பியும் இல்லை, பேப்பரில் படித்ததும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. என் கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கைகளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அவர் நிமிரவே இல்லை. தாளை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று காத்திருந்தார். செல்வி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நடப்பதை நிறுத்திவிட்டு அவருக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். கீழே கிடந்த பென்சிலை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்தாள்.

"அது பொய் மணி மிஸ்" என்றாள். "இன்னும் பத்து நிமிசம் இருக்கு. எழுதுங்க."

அவர் எழுதினார். பத்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகும் எழுதினார். செல்வி தாளை வாங்கவில்லை.